அமெரிக்காவில் கோழிக்கால் ஏன் மலிவு?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊரில் உள்ள பெற்றோருக்கு அனுப்பும் படங்களில் மளிகைக் கடைப் படமும் ஒன்று. ஆல்டி போன்ற மலிவு விலைக் கடையில் பத்துப் பன்னிரண்டு கோழிக்கால் அடங்கிய பெரிய பொட்டலம் இருக்கும். விலை பவுண்டுக்கு ஒரு டாலரையொட்டி, அதாவது நம் பணத்தில் கிலோ ஏறத்தாழ 200 ரூபாய். அங்கே மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். ஒரு மணி நேரக் கூலியில் 3 கிலோ கோழிக்கால் வாங்கிவிடலாம். (அங்கே இதற்கு 'டிரம்ஸ்டிக்' என்று பெயர். நமக்கு அது முருங்கைக்காய்!) "அவர்களுக்குக் கட்டுபடியாகிறதே, நமக்கு ஏன் ஆகவில்லை?" என்று நம் கறிக்கோழிப் பண்ணையாளர்கள் கேட்கிறார்கள்.

கடைக்காரரின் சிக்கனம் இதில் ஒரு பங்குதான். இத்தகைய கடைகளில் பொருள் வகைகள் குறைவு, பெரும்பாலும் சொந்தப் பெயரில் விற்பார்கள், சரக்கு வந்த அட்டைப்பெட்டியோடு அடுக்கி வைப்பார்கள், ஆட்களும் குறைவு. ஆனால் அதே கடையில் எலும்பில்லாத நெஞ்சுக்கறியின் விலையைப் பாருங்கள். பெரும்பாலும் காலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். ஒரே கோழி, ஒரே தீவனம், விலை மட்டும் இரண்டு. உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்கர்களுக்கு வெள்ளைக் கறியான நெஞ்சுப்பகுதிதான் பிடிக்கும். கால், தொடைக் கறி சற்றுக் கருத்திருப்பதால் விரும்புவோர் குறைவு. (இந்த நிறம் மயோகுளோபின் என்ற புரதத்தால் வருவது. இரும்புச்சத்தும் துத்தநாகமும் காலில்தான் கூடுதல்.) எனவே கோழிக்கான செலவில் பெரும்பங்கை நெஞ்சுக்கறி வாங்குபவரே கொடுத்துவிடுகிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிதலுக்காக மட்டும். சுத்தம் செய்த 2 கிலோ கோழிக்கு நிறுவனத்தின் மொத்தச் செலவு 200 ரூபாய் என்று வையுங்கள். அதில் 600 கிராம் நெஞ்சுக்கறி கிலோ 220 வீதம் விற்றால் 132 ரூபாய். 200 கிராம் இறக்கை கிலோ 150 வீதம் 30 ரூபாய். இப்போதே 162 வந்துவிட்டது. மீதி 38 ரூபாயை 700 கிராம் காலும் தொடையும் ஈட்டினால் போதும். முதுகு, கழுத்தை விட்டுவிட்டாலும், காலைக் கிலோ 55 ரூபாய்க்குக் கொடுத்து நட்டமில்லாமல் தப்பலாம். கோழியின் அடக்க விலை கிலோ 100, கால் 55. இதைக் காட்டி "உற்பத்திச் செலவு அங்கே பாதி" என்று சொல்வது தவறு.

நான் பயிரியல் படித்தவன் என்பதால் கோழிப் பண்ணைக்குப் போனாலும் என் கண் முதலில் தீவன மூட்டையில்தான் நிற்கும். கறிக்கோழி வளர்ப்பில் செலவின் பெரும்பகுதி தீவனம். ஒரு கிலோ உயிர் எடைக்கு ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் கிலோ தீவனம் என்ற அளவில் நம் நல்ல பண்ணைகள் நிற்கின்றன. வளர்ப்புத் திறனில் நாம் பெரிதாகப் பின்தங்கவில்லை. அவர்களுக்கு மக்காச்சோளமும் சோயாவும் மலிவு என்பது உண்மையான வேறுபாடு. நம்மிடம் எத்தனால் ஆலைகளும் மக்காச்சோளத்துக்குப் போட்டிக்கு வந்துவிட்டன.

உள்ளூரில் விற்காத கால்கள் உறைந்த நிலையில் கப்பலேறுகின்றன. மெக்சிகோ, கியூபா, அங்கோலா என்று பல நாடுகள் வாங்குகின்றன. 1990-ல் அதிபர் புஷ் காலத்தில் சோவியத் நாட்டுக்குப் போன கோழிக்காலை அங்குள்ள மக்கள் 'புஷ் கால்கள்' என்றே அழைத்தனர். ரஷ்யா பின்னர் சொந்தக் கோழி உற்பத்தியைப் பெருக்கிக்கொண்டது. 2014-ல் அமெரிக்க உணவுப் பொருட்களுக்குத் தடையும் விதித்தது. தென்னாப்பிரிக்கா 2000-ல் எலும்போடு கூடிய அமெரிக்கக் கோழிக்கறிக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டது. பிறகு 2015-ல் நடந்த பேச்சுவார்த்தையில் ஆண்டுக்கு 65,000 டன் வரை அந்த வரியின்றி அனுமதிக்க இசைந்தது.

நம் கதை வேறு. பறவைக் காய்ச்சலைக் காட்டி இந்தியா விதித்த இறக்குமதித் தடையை எதிர்த்து அமெரிக்கா 2012-ல் உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. 2015-ல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நமக்கு எதிராகவே வந்தது. 2023-ல் இரு நாடுகளும் பேசி வழக்கை முடித்தன. அப்போது வரி குறைக்க ஒப்புக்கொண்டவற்றில் உறைந்த வான்கோழியும் வாத்தும் இருந்தன, கோழி இல்லை. ஆக, தடை போனபின் நம் பண்ணையாளருக்குக் காவலாக நிற்பது வரிதான். நெடுங்காலமாகத் துண்டு போட்ட கோழிக்கறிக்கு 100 சதவீதமும் முழுக்கோழிக்கு 30 சதவீதமும் வரி என்று வைத்திருப்பதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும். முழுக்கோழியின் விலையில் அடக்கச் செலவு தெரியும், காலின் விலையில் தெரியாது.

எனவே "கோழி வரி குறைகிறது" என்று செய்தி வந்தால், முழுக்கோழியா, துண்டா என்று முதலில் பாருங்கள். துண்டு என்றால் கவலைப்பட வேண்டியது பல்லடம், நாமக்கல் பண்ணையாளர் மட்டுமல்ல. ஒரு கிலோ கறிக்குப் பின்னால் இரண்டு கிலோவுக்கு மேல் தீவனம் இருக்கிறது, அதில் பாதிக்கும் மேல் மக்காச்சோளம். ஒரு கிலோ கால் துறைமுகத்தில் இறங்கினால், பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கிலோ மக்காச்சோளத்துக்கு மேல் விலைபோகாமல் நிற்கும்.

நமக்குச் சாதகமாக ஒன்று உண்டு. இங்கே லெக் பீஸுக்குத்தான் வீட்டில் சண்டை. எலும்பில்லாத நெஞ்சுக்கறியைச் சில்லி சிக்கன், ஷவர்மா கடைகள் வாங்குகின்றன. கழுத்து, ஈரல் வரை எதுவும் தங்காது. துண்டாக விற்றால் இரு பக்கமும் நல்ல விலை கிடைக்கும். ஆனால் நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் வளர்ப்பவருக்கு உயிர் எடைக்கான வளர்ப்புக் கூலிதான். துண்டு விற்பனையின் லாபத்தில் ஒரு காசும் அவருக்கு வராது. சொந்தமாக வளர்ப்பவர்களும் உற்பத்தியாளர் குழுக்களும் முதலில் ஒரு கடையில், நாளுக்கு ஐம்பது கோழி அளவில், பகுதி வாரியாக விற்றுப் பார்க்கலாம். எந்தப் பகுதி மாலையில் மீந்து நிற்கிறது என்று ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள். விலையை அதைப் பார்த்து வையுங்கள்.