கணனிச் சான்றிதழ்: பணம் கட்டுமுன் சந்தையைப் பாருங்கள்

சென்ற மாதம் எனது தாத்தாவின் மகன் கொட்டாஞ்சேனையில் இருக்கும் எனது கடைக்கு வந்தான். கையில் நான்கைந்து கல்வி நிலையங்களின் துண்டுப் பிரசுரங்கள். "மாமா, உங்கக்கிட்ட கேட்டுட்டு சேரச் சொன்னாங்க உம்மா. இதுல எது நல்லம்?" என்றான்.

உயர்தரம் முடித்துவிட்டு, இரண்டு வருடங்களாக ஒரு கொம்பனியில் கணனி திருத்துகிறான். சம்பளம் ஏறவில்லை. ஒரு சான்றிதழ் இருந்தால் மேலே போகலாம் என்கிறான். அவன் விரும்பிய பாடநெறிக்குக் கட்டணம் மூன்றரை இலட்சம். தாத்தா காப்பை அடகு வைக்கத் தயாராகி விட்டார் என்பது பிறகுதான் தெரிய வந்தது.

நான் இரும்புச் சாமான் வியாபாரி. கணனி பற்றி எனக்கென்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் இந்த விடயத்தில் ஏற்கனவே ஒரு தடவை பணம் கட்டிச் சூடுபட்டவன் நான்.

2003ஆம் ஆண்டு என் தம்பியை வெள்ளவத்தையில் ஒரு மாடிக் கட்டடத்தில் நடந்த வகுப்பில் சேர்த்தேன். அந்த நாட்களில் மைக்ரோசொப்டின் எம்.சி.எஸ்.ஈ. என்றால் பெரிய மதிப்பு. மொத்தம் ஏழு பரீட்சைகள். வகுப்பில் கற்பித்ததோ குறைவு. முன்னைய பரீட்சைகளில் வந்த கேள்விகளையும் விடைகளையும் கட்டுக்கட்டாகக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தார்கள். தம்பி ஏழிலும் சித்தியடைந்தான். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கட்டாருக்கு ஆளெடுக்க வந்தவர்கள் அவனை ஒரு சேர்வரின் முன்னால் உட்கார வைத்து, "இதில் புதிதாக ஒரு பாவனையாளரைச் சேர்த்துக் காட்டு" என்றார்களாம். அவனுக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. இன்று அவன் என்னுடன் கடையில் இருக்கிறான். அது நல்லதற்குத்தான் என்று அவனே சொல்கிறான். அது வேறு விடயம்.

அந்த எம்.சி.எஸ்.ஈ.யும் இப்போது இல்லை. 2021 ஜனவரி 31ஆம் திகதியோடு மைக்ரோசொப்ட் அதை நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக வந்தவை அசூர் போன்ற கிளவுட் வேலைகளை ஒட்டிய சான்றிதழ்கள். அவற்றில் ஆரம்பநிலைச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. நிர்வாகி நிலையையும் அதற்கு மேற்பட்டவற்றையும் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பு இணையத்தில் இலவசம். சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. 1998இல் வந்தது, அது மூன்று வருடங்களுக்கே செல்லும். கொம்ப்டியாவின் ஏ பிளஸும் அப்படித்தான். நாங்கள் சாமான் இறக்கும்போது காலாவதித் திகதியைப் பார்க்காமல் இறக்குவோமா? பிள்ளைகளின் சான்றிதழ் விடயத்தில் மட்டும் அதை ஒருவரும் கேட்பதில்லை.

மருமகனிடம் நான் முதலில் கேட்டது, "இந்தச் சான்றிதழைத் தருவது யார்?" என்பதைத்தான். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிரசுரங்களைப் பிரித்துப் பார்த்தோம். இரண்டில் சிஸ்கோ, மைக்ரோசொப்ட் என்று பெரிய எழுத்தில் இருந்தது. கடைசியில் கொடுப்பதோ அந்த நிலையத்தின் சொந்தச் சான்றிதழ். உண்மையான பரீட்சைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்று அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. பயிற்சி வேறு, பரீட்சை வேறு என்பதை எமது பெற்றோரில் பலர் இன்னும் அறியவில்லை.

பரீட்சைக் கட்டணம் டொலரில் என்பதையும் கவனியுங்கள். சி.சி.என்.ஏ.க்கு 300 டொலர். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தபோது அது அறுபதினாயிரம். அதே வருடம் மே மாதம் டொலர் 360 வரை போனபோது ஒரு இலட்சத்து எண்ணாயிரம். தவறினால் மறுபடியும் முழுக் கட்டணம். ஆகவே ஆயத்தம் இல்லாமல் திகதி எடுப்பது, விலை கேட்காமல் கொள்கலன் இறக்குவதைப் போன்றது.

அடுத்து அவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். இரண்டு வாரங்களுக்கு வேலைவாய்ப்பு விளம்பரங்களைப் பார்த்து, அவன் விரும்பும் பதவிகளுக்கு எதைக் கேட்கிறார்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து வரச் சொன்னேன். சந்தையில் கேள்வி இருக்கும் சாமானைத்தானே நாங்கள் வாங்குகிறோம். கொப்பியோடு வந்தான். வலையமைப்பு வேலைகளில் சி.சி.என்.ஏ. திரும்பத் திரும்ப வந்திருந்தது. ஆனால் சற்று மேலான பதவிகளில் அதற்கு முன்னால் 'பட்டம்' என்ற சொல்லும் இருந்தது. இது அவன் எதிர்பாராதது.

இங்குதான் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.டி. வெளிவாரிப் பட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. வேலை செய்துகொண்டே படிக்கலாம். முதல் வருடத்தோடு நின்றால் டிப்ளோமா, இரண்டாவதோடு நின்றால் உயர் டிப்ளோமா, மூன்றையும் முடித்தால் பட்டம். பரீட்சையைப் பல்கலைக்கழகமே நடத்துகிறது. தனியார் வகுப்புக்குப் போவதும் போகாததும் உங்கள் விருப்பம். பாடம் ஆங்கிலத்தில்தான். இந்த இடத்தில்தான் எமது பிள்ளைகள் பலர் தயங்குகிறார்கள். சிஸ்கோ பரீட்சையும் ஆங்கிலத்தில்தானே என்று நான் சொன்னதும் மருமகன் பேசவில்லை. பட்டம் வேண்டாம், கைத்தொழில் போதும் என்பவர்களுக்கு என்.வி.கியூ. தகைமை இருக்கிறது. நிலையம் மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டதா என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இறுதியில், மூன்றரை இலட்சம் கட்டவில்லை. பி.ஐ.டி.க்குப் பதிவது என்றும், அதனிடையே சி.சி.என்.ஏ.யைத் தானே படிப்பது என்றும் முடிவு செய்தான். சிஸ்கோ இலவசமாகக் கொடுக்கும் பக்கெட் ட்ரேசர் மென்பொருளில் வீட்டிலிருந்தே வலையமைப்பைக் கட்டிப் பார்க்கலாமாம். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் விசாரித்து, பாவித்த சுவிட்ச் ஒன்றையும் வாங்கிக் கொடுத்தேன். தாத்தாவின் காப்பு கையிலேயே இருக்கிறது.

பழகுவதற்காக எனது கடையின் வயர்களைப் புதிதாக இழுக்கட்டுமா என்று கேட்டான். சரி என்றேன். ஒரு சனிக்கிழமை பகல் முழுவதும் பில் அடிக்க முடியாமல் கையால் எழுதினோம். தம்பி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கு அன்று தெரியாத அந்தச் சேர்வர் வேலையை அவனிடம் செய்து காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். மாலை ஆறு மணிக்கு எல்லாம் ஓடியது. பரீட்சைக்கு இன்னும் திகதி எடுக்கவில்லை.