டானிக் புட்டியும் வெளிறிய தேமலும்

பையனின் முதுகில் வெளிறிய தேமல் ஒன்று தெரிகிறது. "வயிற்றிலே பூச்சி இருக்கும்" என்கிறாள் பாட்டி. "சத்துக் குறைவுதான், டானிக் வாங்கிக் கொடு" என்கிறாள் எதிர்வீட்டு மாமி. பெரும்பாலும் அது சாதாரணத் தேமலாகவே இருக்கும். ஆனால், அந்த இடத்தில் பஞ்சால் தொட்டாலும் குழந்தைக்குத் தெரியவில்லையென்றால் டானிக்கை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. முகத்துத் தேமலில் உணர்ச்சி மழுங்காமலும் இருக்கலாம். ஆகவே நாள்பட்ட தேமல் எதையும் டாக்டரிடம் காட்டிவிடுவதே நல்லது. தொழுநோய் அப்படித்தான் சந்தடியில்லாமல் வருகிறது.

மாமி சொன்னதில் விஷயமே இல்லையென்று தள்ளிவிட முடியாது. இந்நோய் கண்டவர்களின் ரத்தத்தைச் சோதித்த பல ஆராய்ச்சிகளில் துத்தநாகச் சத்து குறைந்தும், தாமிரச் சத்து கூடியும் இருந்தன. வைட்டமின் ஏ, சி, ஈ ஆகியவையும் குறைவாகக் காணப்பட்டன. துத்தநாகம் குறைந்தால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தளரும். புண் ஆறவும் தாமதமாகும்.

அப்படியானால் சத்துக் குறைவால்தான் நோய் வந்ததா? அவசரப்படாதீர்கள். எந்தக் கிருமி உள்ளே நுழைந்தாலும், உடம்பு ரத்தத்திலுள்ள துத்தநாகத்தை ஈரலுக்கு அனுப்பிவிடுகிறது. தாமிரத்தைச் சுமக்கும் புரதத்தையோ ஈரல் அதிகமாகத் தயாரிக்கிறது. அஞ்சறைப் பெட்டியில் சில்லறை இல்லையென்பதால் வீட்டுக்காரருக்குச் சம்பளமே வரவில்லை என்று சொல்லலாமா? பாங்கில் போட்டிருக்கலாமே! ரத்தக் கணக்கும் அப்படித்தான்.

நோய்க்குக் காரணம் ஒரு கிருமி. 1873-ல் நார்வே நாட்டு டாக்டர் ஹான்ஸன் அதைக் கண்டுபிடித்தார். அதைக் கொல்வது மருந்துதான். முருங்கைக் கீரையோ நெல்லிக்காயோ அல்ல. உலக சுகாதார ஸ்தாபனம் 1981-ல் சிபாரிசு செய்த கூட்டு மருந்துச் சிகிச்சை, நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருஷமோ நடக்கும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசம். தாமதித்தால் நரம்பு கெட்டு விரல்கள் மடங்கிப் போகும். எந்த டானிக்கும் அதை நிமிர்த்தாது.

மருந்தோடு நல்ல ஆகாரமும் வேண்டியதுதான். பயறு, வேர்க்கடலை, முட்டை, கீரை எல்லாம் கொடுக்கலாம். டாப்ஸோன் மாத்திரை சில குழந்தைகளுக்கு ரத்த சோகை உண்டாக்கும். முகம் வெளுத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே தொற்றும் அபாயம் அநேகமாக நீங்கிவிடுவதால், குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த வேண்டியதில்லை. தட்டு, டம்ளரைத் தனியே வைக்கவும் வேண்டாம்.

ரிபாம்பிசின் சாப்பிட்ட அன்று சிறுநீர் சிவந்து போகும். அதைக் கண்டு பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அது மருந்தின் நிறம்தான்.