மருந்துக்கும் உதவும் புளியங்கொட்டை

மாசி, பங்குனி மாதங்களில் புளி உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுக்கும் வேலை மும்முரமாக நடக்கும். புளியைப் பத்திரமாகப் பானையில் அடைக்கும் விவசாயி, கொட்டையை மட்டும் திண்ணை மூலையில் குவித்து வைப்பார். சாரல் பட்டுப் பூசணம் பூத்து, வண்டு துளைத்த பிறகு கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார். இதனால் ஏற்படும் நட்டம் சிறிதல்ல.

பருப்பில் உள்ள பிசின்

கொட்டையின் எடையில் ஏறத்தாழ 30 சதம் மேல்தோல். எஞ்சிய 70 சதம் வெண்பருப்பு. பருப்பில் பாதிக்கு மேல் இருப்பது 'சைலோகுளுக்கன்' என்னும் கூட்டுச் சர்க்கரை. இனிப்பில்லாத இப்பொருள் நீர் பட்டால் உப்பிக் கொழகொழப்பாகும். நூலுக்குக் கஞ்சி போட இப்பருப்புப் பொடி நெடுங்காலமாகப் பயன்படுகிறது. 1940-களில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் இதன் தன்மைகளை ஆராய்ந்தனர்.

மருந்தில் என்ன வேலை?

மணற்பாங்கான நிலத்தில் பாய்ச்சிய நீர் உடனே இறங்கிவிடும். களிமண் நிலத்தில் மெல்லத்தான் இறங்கும். மாத்திரையும் அப்படியே. சாதாரண மாத்திரை வயிற்றில் விரைவில் கரைந்துவிடும். இப்பிசின் கலந்த மாத்திரையின் மேற்புறம் உப்பிக் கூழாகிறது. அக்கூழின் வழியே மருந்து சிறிது சிறிதாக வெளியேறுகிறது. ஒரு நாளில் பலமுறை விழுங்க வேண்டிய மாத்திரையின் வேளைகளைக் குறைக்க இத்தகைய பிசின்கள் உதவுகின்றன. கண்ணின் ஈரப்படலத்தில் ஒட்டி நிற்கும் குணமும் இதற்கு உண்டு. ஆதலால் கண் உலர்வுக்கான சொட்டு மருந்திலும் இது சேர்க்கப்படுகிறது.

மருந்துத் தரப் பிசினை வீட்டில் எடுக்க இயலாது. பொடியை நீரில் காய்ச்சி, கசடு நீக்கி, சாராயம் சேர்த்துப் பிசினைப் பிரித்தெடுப்பது ஆலையின் வேலை. பொடியை மருந்தென்று தாமாக உட்கொள்வதும் கூடாது.

விவசாயி செய்ய வேண்டியவை

* சதை ஒட்டிய கொட்டையை நீரில் அலசி, அன்றே சிமெண்டுக் களத்திலோ தார்ப்பாயிலோ பரப்பி நன்கு காய வைக்கவும். மண் கலக்கக் கூடாது.

* துளை விழுந்த, பூசணம் பூத்த கொட்டைகளைப் பொறுக்கி நீக்கவும்.

* கோணியில் கட்டி, பலகைமேல் அடுக்கவும். நிலக்கடலையைத் தாக்கும் காய் வண்டு புளியங்கொட்டையையும் துளைக்கும். ஆகவே இரண்டையும் ஒரே அறையில் வைக்க வேண்டாம்.

* தோல் நீக்குவதற்காக வீட்டில் வறுக்க வேண்டாம். சூடு மிஞ்சினால் பிசினின் கொழகொழப்புக் குறைந்துவிடும்.

சுத்தமான கொட்டைக்கு உடனே பெரும் விலை கிடைத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் நல்லதும் கெட்டதும் கலந்து விற்றால், கெட்டதன் விலையே முழுவதற்கும் கிடைக்கும். இரண்டு மரம் உள்ளவர் தனியாகப் பேரம் பேச முடியாது. ஊரில் பத்துப் பேர் தரம் பிரித்த கொட்டையை ஒன்றாகச் சேர்த்து, பருப்புப் பொடி ஆலையில் நேரில் விலை கேட்டுப் பார்க்கலாம். வரும் பருவத்திலேயே இதைத் தொடங்குவது நல்லது.