தாவியவன் பறந்த கதை

1938-இல் சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் ஜெர்ரி சீகல் எழுதி ஜோ ஷஸ்டர் வரைந்த அந்த ஆள் தாவத்தான் செய்தான். ஒரே தாவலில் எட்டில் ஒரு மைல், அதாவது 200 மீட்டர். இருபது மாடிக் கட்டடத்தைத் தாண்டுவான். எப்படி என்று கேட்பவர்களுக்கு முதல் பக்கத்திலேயே சமாதானமும் இருந்தது: எறும்பு தன் எடையைப் போல் பல மடங்கு சுமக்கிறது, வெட்டுக்கிளி எகிறுகிறது, இவனால் ஏன் முடியாது?

எறும்பை மனித அளவுக்குப் பெரிதாக்கினால் தன் காலிலேயே நிற்காது என்பது வேறு விஷயம். ஆனாலும் அந்தத் தாவலுக்குக் கணக்குப் போட முடியும். 200 மீட்டர் உயரம் எழும்ப, தரையை விடும்போது மணிக்குச் சுமார் 225 கிலோமீட்டர் வேகம் வேண்டும். மினசோட்டா பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் காகாலியோஸ் இந்தத் தாவலை வைத்தே, அவன் பிறந்த கிரிப்டான் கிரகத்தின் ஈர்ப்பு பூமியைப் போல் 15 மடங்கு இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். காலால் தரையை உதைக்கிறான், தரை அவனை மேலே தள்ளுகிறது. நியூட்டன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

1941-இல் ஃபிளைஷர் ஸ்டூடியோ கார்ட்டூன் எடுத்தபோது, குதித்துக் குதித்துப் போவது திரையில் பார்க்கச் சகிக்கவில்லை என்று பறக்க விட்டார்களாம். உதைக்கத் தரை போயிற்று. நடுவானில் நின்று சட்டென்று திரும்புகிறானே, எதைத் தள்ளித் திரும்புகிறான்? இறக்கை இல்லை, பின்னால் நெருப்பும் இல்லை.

இதற்குப் பதில் சொல்லாமலே படங்கள் கெட்டிக்காரத்தனமாக மாறிவிட்டன. 1978-இல் கிறிஸ்டோபர் ரீவ் பறந்தபோது தலைமுடியும் அங்கியும் ஆடினால் போதும், நம்பினோம். 2013-இன் ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ நாயகனுக்கோ ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது உடலைச் சுற்றி வெண்கூம்பு விரிகிறது. போர் விமானங்களைச் சுற்றி, அழுத்தம் குறைந்து குளிரும் ஈரக்காற்று கட்டும் அதே மேகம்தான். அவனும் முதலில் தாவித்தான் பழகுகிறான். பழைய ஆளுக்கு ஒரு கும்பிடு.

கூம்பைக் காட்டியவர்கள் சூட்டைக் காட்டுவதில்லை. ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்தில் போன கான்கார்ட் விமானத்தின் மூக்கு 120 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுட்டது. நாயகனின் துணி அங்கி மட்டும் பொசுங்குவதே இல்லை. என்னைக் கேட்டால், 1938-இன் தாவல்தான் இவற்றில் நாணயமானது.

விழுபவரைப் பிடிக்கும் காட்சியைச் சொல்லாமல் விடக் கூடாது. வெகு உயரத்திலிருந்து விழுபவர் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவார். அவரைக் கையில் ஏந்தி அரை மீட்டருக்குள் நிறுத்தினால், ஈர்ப்பைப் போல் 300 மடங்கு விசை தாக்கும். இரும்புக் கையில் விழுவதும் சிமென்ட் தரையில் விழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். அடுத்த படத்தில் கவனியுங்கள்: கதாநாயகியைப் பிடித்த பிறகு ஒரு பத்து மாடி உயரம் கூடவே இறங்கி வேகத்தைக் குறைத்தானென்றால், அவள் பிழைப்பாள்.