தூரமும் நேரமும்



இரு நகரங்களுக்கு இடையேயுள்ள தூரம் எவ்வளவு என்று வினவினால் அதற்கு விடை ஒன்றே. விமானம் அத்தூரத்தைக் கடக்க எத்தனை மணித்தியாலம் செல்லும் என்று வினவினாலோ, விடை நாளுக்கு நாள் வேறுபடும். இதன் காரணத்தை விளக்குதற்கு, நமது நாட்டோடு தொடர்புடைய பழைய விமானப் பாதையொன்று தக்க சான்றாகும்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. அதனால் இங்கிலாந்தையும் அவுஸ்திரேலியாவையும் இணைத்த ஆகாயப் பாதை துண்டிக்கப்பட்டது. அதனை மீண்டும் இணைக்கும்பொருட்டு, 1943 முதல் 1945 வரை, மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவிக்கும் இடையே குவாண்டாஸ் நிறுவனத்தார் கற்றலீனா என்னும் நீர்விமானங்களைச் செலுத்தினர். அங்கே சுவான் ஆறும் இங்கே வாவியுமே விமானத் துறைகளாய் விளங்கின.

இடைத்தூரம் ஏறக்குறைய 5,650 கிலோமீற்றர். விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீற்றர். வகுத்துப் பார்த்தால் 28 மணித்தியாலம் வரும். ஒரே பயணத்தில் இருமுறை கதிரவன் உதிப்பதைக் கண்டமையால், இச்சேவை 'இரட்டைச் சூரியோதயம்' எனப் பெயர்பெற்றது.

ஆயின், இக்கணக்குக் காற்றில்லாத வேளைக்கே பொருந்தும். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்று வீசுமாயின், விமானம் உண்மையில் முன்னேறும் வேகம் 170 ஆகக் குறையும். பயணமும் 33 மணித்தியாலமாக நீளும். இப்பாதையில் மிக நீண்ட பயணம் 32 மணித்தியாலமும் 9 நிமிடமும் கொண்டது. வழியில் இறங்கி எரிபொருள் பெற இடமில்லை. எனவே, காற்றுக்கு அஞ்சி எரிபொருளை நிறைய ஏற்றினர். பயணிகள் மூவருக்கு மேல் ஏற இயலவில்லை. பகைவர் அறியாதிருக்க வானொலித் தொடர்பை விலக்கி, விண்மீன்களை நோக்கியே திசை கண்டனர். இங்ஙனம் 271 முறை கடலைக் கடந்தும் ஒரு விமானமேனும் அழியவில்லை.

இக்காலத்து விமானம் மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கின்றது. அதே தூரத்தில், அதே எதிர்க்காற்று அதனைப் பதின்மூன்று நிமிடமளவே தாமதிக்கச் செய்யும். வேகம் மிகமிகக் காற்றின் வலிமை குன்றுகின்றது. எனினும் முற்றாக மறைவதில்லை. 2018 மார்ச்சில் பேர்த்திலிருந்து இலண்டனுக்கு இடைநில்லாச் சேவை தொடங்கியது. தூரம் சுமார் 14,500 கிலோமீற்றர். நேரம் ஏறக்குறைய 17 மணித்தியாலம். திரும்பும் பயணத்திலோ, மிக உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்றுத் துணைசெய்வதால் நேரம் சற்றுக் குறைவதுண்டு.

ஆகவே, உறவினரை எதிர்பார்த்து விமான நிலையத்திற் காத்திருப்போர், விமானம் அரைமணி பிந்தினும் கலங்கவேண்டுவதில்லை. எதிர்க்காற்றை எதிர்பார்த்தே இன்று எரிபொருள் நிரப்பப்படுகின்றது. கடக்கவேண்டிய தூரத்தை அறிந்தும், கரைசேரும் வேளையை அறியாது பேர்த்திலிருந்து புறப்பட்ட அக்கால விமானிகளையும் அவ்வேளை நினைத்துக்கொள்வோமாக.