மொல்ற்கே குடும்பமும் கிறைசோப் பண்ணையும்

ஒரு குடியின் பெருமை முன்னோர் ஈட்டிய வெற்றியினால் மட்டும் நிலைபெறுவதன்று. அதனைப் பின்னோர் எவ்வாறு பேணினர் என்பதையும் பொறுத்ததாகும். ஜேர்மனியின் மொல்ற்கே குடும்ப வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

வட ஜேர்மனியின் மெக்லன்பேர்க்குப் பகுதியைச் சேர்ந்த பழைய பிரபுக் குலங்களுள் இதுவும் ஒன்று. இக்குலத்தை உலகறியச் செய்தவர் 1800 ஆம் ஆண்டிற் பிறந்த ஹெல்முத் வொன் மொல்ற்கே. இளமையில் டென்மார்க்குப் படையிற் பணியாற்றிய இவர், 1822 இற் பிரசியப் படையிற் சேர்ந்தார். பின்னர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதன் படைத்துறைத் தலைமை அலுவலகத்தை நடத்தினார். புகையிரதத்தையும் தந்தியையும் போர்முறையோடு இணைத்து, 1866 இல் ஒஸ்திரியாவையும் 1870-71 இற் பிரான்சையும் வென்றார். ஜேர்மன் பேரரசு தோன்ற இவ்வெற்றிகளே வழிகோலின. 1866 ஆம் ஆண்டு வெற்றிக்காகக் கிடைத்த பரிசுப் பணத்தைக் கொண்டு, சைலீசியாவிலே கிறைசோ என்னும் பண்ணையை 1867 இல் வாங்கினார். போரினாற் புகழ்பெற்ற இவரே, 1890 இற் பாராளுமன்றத்திற் பேசுகையில், இனி மூளும் போர் ஏழாண்டும் நீடிக்கலாம், முப்பதாண்டும் நீடிக்கலாம் என எச்சரித்தார். அடுத்த ஆண்டு காலமானார்.

அவ்வெச்சரிக்கை பலித்தபோது படைத்துறைத் தலைவராயிருந்தவர் அவருடைய தம்பி மகனான இளைய மொல்ற்கே ஆவார். 1914 இல் மார்ண் ஆற்றுப் போரில் ஜேர்மன் படை பின்வாங்கவே, அவர் பதவியிழந்தார். 1916 இல் இறந்தார்.

அத்தம்பியின் வழியிலே 1907 இற் கிறைசோவிற் பிறந்தவர் ஹெல்முத் ஜேம்ஸ் வொன் மொல்ற்கே. வாளை விடுத்துச் சட்டத்தைக் கற்ற இவர், இரண்டாம் உலகப் போரின்போது படைத்துறையின் சர்வதேசச் சட்ட ஆலோசகராயிருந்து, போர்க்கைதிகளின் உரிமைக்காக வாதாடினார். 1942 இலும் 1943 இலும் நண்பர்களைக் கிறைசோவிற் கூட்டி, ஹிற்லர் ஆட்சி ஒழிந்தபின் நாட்டை நீதிவழியில் அமைப்பது எவ்வாறு என ஆராய்ந்தார். 1944 சனவரியிற் கைதான இவர் மீது, கொலைச் சதியிற் பங்குகொண்டாரென்பது நிறுவப்படவில்லை. ஆயினும் மரணதண்டனை விதிக்கப்பட்டது; 1945 சனவரி 23 ஆம் நாள் பேர்லினில் உயிர்நீத்தார். அவர் எழுதிய கடிதங்களை மனைவி பிறேயா தேனீக்கூடுகளில் ஒளித்துக் காத்தார்.

போருக்குப்பின் கிறைசோ போலந்துக்குரியதாயிற்று. 1989 நவம்பர் 12 ஆம் நாள், மேற்கு ஜேர்மனியினதும் போலந்தினதும் அரசாங்கத் தலைவர்கள் அங்கே சமாதான வழிபாட்டிற் கலந்துகொண்டனர். இன்று அப்பண்ணை பல நாட்டு இளைஞர் கூடும் இடமாக விளங்குகின்றது. போரின் பரிசாகப் பெற்ற நிலம் சமாதானத்தின் நிலமாயிற்று. அம்மாற்றத்துக்கு வித்திட்டவர் படை நடத்தாத மொல்ற்கேயே ஆவார்.