பூங்கா மண்ணுக்கும் உயிர் வேண்டும்

மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்களைப் பற்றிப் பேசினால் பயிருக்கு என்ன லாபம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். மனுச உடம்புக்கும் அவை வேலை செய்கின்றன.

பின்லாந்தில் லாத்தி, தம்பரே நகரங்களில் ஒரு சோதனை நடந்தது. 10 குழந்தைகள் காப்பகங்கள், 3 முதல் 5 வயதுள்ள 75 பிள்ளைகள். சில காப்பகங்களின் வெறும் முற்றத்தில் காட்டுமண்ணும் புல்தரையும் கொண்டுவந்து பரப்பினார்கள். 28 நாள் விளையாடியதிலேயே பிள்ளைகளின் தோலில் பாக்டீரியா வகைகள் கூடின. ரத்தத்தில், எதிர்ப்பு சக்தியை நிதானப்படுத்தும் அறிகுறிகளும் தெரிந்தன. 2020இல் முடிவு வெளியானது. சின்னச் சோதனைதான், நோய் குறையும் என்று இது நிரூபித்துவிடவில்லை, வழி காட்டியிருக்கிறது.

காரணம் என்ன? நான் பேங்கில் வேலை பார்த்தவன். வாசலுக்குப் புதுசாக வரும் காவலர் தினமும் வருகிற வாடிக்கையாளரையே தடுப்பார். நாலு பேரோடு பழகினால்தான் யாரை விடலாம், யாரை நிறுத்தணும் என்பது பிடிபடும். எதிர்ப்பு சக்தியும் அப்படித்தான். சின்ன வயசில் பலவித நுண்ணுயிர்களோடு பழகாவிட்டால் தூசியையும் மகரந்தத்தையும் எதிரி என்று நினைத்துச் சண்டை போடும். அலர்ஜியும் ஒருவகை ஆஸ்துமாவும் அப்படி வரலாம்.

2016இல் வந்த அமெரிக்க ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கம். ஆமிஷ், ஹட்டரைட் இரண்டு பேரும் விவசாயச் சமூகம்தான். ஆமிஷ் மக்கள் குதிரை பூட்டி உழுகிறார்கள். தொழுவம் வீட்டை ஒட்டியே இருக்கும். ஹட்டரைட்டுகளுடையது இயந்திரப் பெரும்பண்ணை. பிள்ளைகளில் ஆஸ்துமா ஆமிஷில் சுமார் 5 சதவீதம், ஹட்டரைட்டில் சுமார் 21 சதவீதம். வீட்டுத் தூசியில் இருந்த நுண்ணுயிர்ச் சத்திலேயே பெரிய வித்தியாசம் இருந்தது. விவசாயக் குடும்பம் என்பது மட்டும் போதாது. மாட்டோடும் மண்ணோடும் புழங்கணும்.

மலையடிவாரத்தில் இருக்கும் தேவதானத்துப் பிள்ளைகளுக்குக் கண்மாய்க்கரையும் தொழுவமும் உண்டு. ராஜபாளையம் மாதிரி நகரத்தில் வளரும் பிள்ளைக்குப் பூங்காவும் பள்ளி மைதானமும்தான் மண். அங்கேயும் பேவர் பிளாக் பதித்து, சருகைக் கூட்டி எரித்து, களைக்கொல்லி அடித்துவிட்டால் எங்கே போகும்?

நாம் செய்யக்கூடியது இருக்கிறது. பக்கத்து அங்கன்வாடிக்கும் பூங்காவுக்கும் நன்றாக மக்கிய தொழுவுரம் கொடுப்போம். பச்சைச் சாணி வேண்டாம். வேம்பு, புங்கை, பூவரசு, நொச்சி என்று கலந்து நடுவோம். சருகு அங்கேயே மூடாக்காகக் கிடக்கட்டும்.

மண்ணில் கொக்கிப்புழுவும் ரணஜன்னிக் கிருமியும்கூட உண்டு. காலில் செருப்பு, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுதல், தடுப்பூசி மூன்றையும் விடக்கூடாது.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அங்கன்வாடி முற்றத்துக்கு சிமென்ட் போடும் பேச்சு வந்தால், பாதியையாவது மண்ணாக விடச் சொல்லுங்கள்.